சாவோ பிரயா ஆற்றில் ஒரு நாள்: பாங்காக்கின் கோயில்களைப் படகில் பார்க்க முழுமையான வழிகாட்டி

பாங்காக்குக்கு முதல் தடவை அம்மாவோடு போனபோது வேனில் ஊர் சுற்றினோம். காலை ஏழு மணிக்கு ஏற்றிக்கொண்டவர்கள் மாலைக்குள் எட்டு இடங்கள் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த எட்டில் ஒன்று ரத்தினக்கல் கடை. ஒன்றரை மணி நேரம் அங்கேயே போய்விட்டது. வாட் அருண் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மா வேலிக்கு வெளியே நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அது எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது.

அடுத்த முறை ஆற்றில் போனோம். அதன்பின் நண்பர்களோடும் இரண்டு முறை அதே பாதையில் போய் வந்தேன். அந்த ஒரு நாள் திட்டத்தைத்தான், யாரும் அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பும்படி, இங்கே எழுதுகிறேன்.

ஏன் ஆறு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாங்காக் ஆற்றைப் பார்த்து முகம் வைத்துக் கட்டிய ஊர். பழைய கோயில்கள், அரண்மனை, கோட்டை, மாதா கோயில், வணிகர் வீடுகள் எல்லாவற்றுக்கும் தலைவாசல் நீரின் பக்கம். சாலை வழியாக வந்தால் கொல்லைப்புறமாக நுழைகிறோம். ஆற்றைத் தாய் மொழியில் 'மே நாம்' என்பார்கள், நீரின் தாய் என்று பொருள். 'சாவோ பிரயா' என்பது உயர்குடியினருக்கு அளிக்கப்பட்ட ஒரு பட்டம். நக்கோன் சவானில் பிங், நான் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் தொடங்கி, 372 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது.

புறப்படும் முன்: வழிகாட்டியோடா, தனியாகவா?

முதல் தடவை போகிறவர்கள், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் வழிகாட்டியோடு போவதே நல்லது. தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டித் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது, அதற்கு அரசு உரிமமும் வேண்டும். கழுத்தில் உரிம அட்டை தொங்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். தமிழில் விளக்குகிறவர் கிடைப்பது அரிது, ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். நுழைவுக் கட்டணங்கள் தொகையில் சேர்ந்தவையா? எந்த வகைப் படகு? ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம்? மேற்குக் கரையான தோன்புரியின் கால்வாய்களுக்குள் போகுமா, பெரிய ஆற்றோடு சரியா? வழியில் ஏதாவது கடையில் நிறுத்துவார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பயணமே வேண்டாம். பத்து இடம் காட்டுகிறேன் என்பவரைவிட மூன்று இடத்தை நின்று காட்டுகிறவரிடம் போங்கள். ஒரு நாளுக்கு மூன்று பெரிய கோயில்களும் ஒரு கால்வாய்ச் சுற்றும் தாராளம். அதற்கு மேல் கண்ணும் தாங்காது, காலும் தாங்காது.

ஆற்றில் மூன்று வகைப் படகுகளைப் பார்ப்பீர்கள். ஊர் மக்கள் வேலைக்குப் போகும் எக்ஸ்பிரஸ் படகுகள் கொடியின் நிறத்தால் அறியப்படுபவை. ஆரஞ்சுக் கொடிப் படகுதான் நாள் முழுக்க ஓடுவது, கட்டணமும் மிகக் குறைவு. நீலக் கொடி சுற்றுலாப் பயணிகளுக்கானது: நாள் சீட்டு எடுத்தால் முக்கியத் துறைகளில் ஏறி இறங்கலாம், ஒலிபெருக்கியில் ஆங்கில விளக்கமும் உண்டு. மூன்றாவது, வால் நீண்ட படகு. லாரி எஞ்சின் ஒன்றைப் பின்னால் பொருத்தி, நீண்ட தண்டின் முனையில் விசிறியை வைத்திருப்பார்கள். முன்மூக்கில் வண்ணத் துணிகளும் மாலையும் கட்டியிருக்கும். அது படகைக் காக்கும் 'மே யா நாங்' என்ற தேவதைக்கு. அந்த மூக்கின் மேல் காலை வைக்காதீர்கள்.

உடையும் பையும்

அரண்மனையில் உடை விதி கறாரானது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டை மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். கிழிசல் ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, உடலை ஒட்டிய லெக்கிங்ஸ் எல்லாமே சிக்கல். புடவை, சுடிதார், முழுக்கால் சட்டை எதுவும் பிரச்சினை இல்லை. செருப்பு எளிதில் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். நாள் முழுக்கக் கழற்றிக்கொண்டே இருப்பீர்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், சில்லறை நாணயங்கள், கால்வாயில் தெறிக்கும் நீருக்குப் போனை வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை. போதும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். செப்டம்பர், அக்டோபரில் ஆற்றில் நீர்மட்டம் ஏறும். அப்போது தாழ்வான பாலங்களுக்கு அடியில் படகு நுழைய முடியாமல் கால்வாய்ப் பாதை மாறலாம்.

காலை 7.30: சத்தோன் துறை

சஃபான் தக்சின் மேம்பால ரயில் நிலையத்தில் இறங்கி இரண்டாம் எண் வாசல் வழியாக வந்தால் நேரே துறை. இதுதான் மையத் துறை. இங்கிருந்து வடக்கே உள்ள துறைகளுக்கு வரிசை எண் உண்டு. நமக்கு வேண்டியது எட்டும் ஒன்பதும்.

நேரம் கைவசம் இருந்தால் துறைக்குப் பக்கத்திலேயே உள்ள வாட் யன்னாவாவை எட்டிப் பாருங்கள். சீனப் பாய்மரக் கப்பலின் வடிவில் கட்டிய கோயில் அது. நீராவிக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், நாட்டுக்குச் செல்வம் சேர்த்த பாய்மரக் கப்பல் எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று மூன்றாம் ராமர் கட்டுவித்தார். தாய்லாந்தின் இன்றைய அரச மரபில் எல்லா மன்னர்களும் ராமர்தான், எண்ணால் பிரித்துச் சொல்வார்கள்.

ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறி, முடிந்தால் இடப்பக்கம் நில்லுங்கள். நடத்துநர் நீண்ட உலோகக் குழாய் ஒன்றைக் கிலுக்கிக்கொண்டே வந்து சீட்டுக் கிழித்துத் தருவார். பின்பகுதியில் பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடம் உண்டு, அங்கே நிற்காதீர்கள். பெண்கள் பிக்குகள் மேல் படாமல் ஒதுங்கி வழிவிடுவது அங்கே வழக்கம். காலை எட்டு மணிக்குத் துறையிலோ ரயில் நிலையத்திலோ தேசிய கீதம் ஒலித்தால் எல்லோரும் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

வழியில் 1932இல் திறந்த நினைவுப் பாலத்தைக் கடப்பீர்கள். அதை ஒட்டி இடக்கரையில் வாட் பிரயுன் கோயிலின் வெள்ளைத் தூபி தெரியும். அடுத்துச் செந்நிறக் குவிமாடத்தோடு சாந்தா குருஸ் மாதா கோயில். பழைய தலைநகரான அயுத்தயா அழிந்தபின் தக்சின் மன்னர் போர்த்துகீசியர்களுக்குக் கொடுத்த நிலம் அது. இப்போது நிற்கும் கட்டடம் 1916ஐச் சேர்ந்தது. அந்தக் குடி சீன் பகுதியில் போர்த்துகீசிய வழியில் வந்த ஒரு சிறிய கேக்கை இன்னும் வீடுகளில் சுடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி வாட் கல்யாணமித். பெயரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: கல்யாண மித்திரர், நல்ல நண்பர். அதற்கு எதிரே, வலக்கரையில் மொத்தப் பூச்சந்தை. சாமந்தியும் மல்லியும் மூட்டை மூட்டையாக இறங்கும். இவற்றை இறங்கிப் பார்க்க இன்று நேரமில்லை, படகிலிருந்து பார்த்தால் போதும்.

காலை 8.30: அரண்மனையும் மரகத புத்தரும்

ஒன்பதாம் எண் தா சாங்கில் இறங்குங்கள். 'தா' என்றால் துறை, 'சாங்' என்றால் யானை. அரண்மனை யானைகளைக் குளிப்பாட்டிய யானைத்துறை.

துறையிலிருந்து அரண்மனை வாசலுக்குப் போகும் வழியில் யாராவது அன்போடு வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, மதியம்தான் திறக்கும், அதுவரை வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால் நிற்காமல் நடங்கள். அவர் ஏற்றிவிடும் துக்துக், அதாவது ஆட்டோ, போய் நிற்கும் இடம் நகைக்கடை. மூடியிருந்தால் அதை வாசல் காவலர் சொல்வார்.

எட்டரைக்குத் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் முட்டும், தரை கொதிக்கும். நான் கடைசியாகப் போனபோது வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் 500 பாட் (தாய் நாணயம்).

முதலாம் ராமர் 1782இல் தலைநகரை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு மாற்றியபோது தொடங்கிய வளாகம் இது. உள்ளே வாட் பிரா கேவ் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் 66 சென்டிமீட்டர் உயரம்தான். பெயர் மரகதம் என்றாலும் ஜேடு அல்லது ஜாஸ்பர் வகைப் பச்சைக் கல். கோடை, மழை, குளிர் என மூன்று காலத்துக்கும் மூன்று பொன்னாடைகள். பருவம் மாறும்போது மன்னரே வந்து மாற்றுவது மரபு. நம் ஊர்க் கோயில்களில் அலங்காரம் மாற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சந்நிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. உட்கார்ந்தால் பாதங்கள் புத்தரை நோக்காமல் பின்னால் மடித்து உட்காருங்கள். வாசற்படியைத் தாண்டிப் போங்கள், மிதிக்காதீர்கள்.

பெரும்பாலோர் புத்தரைப் பார்த்ததும் வெளியேறிவிடுகிறார்கள். தமிழ் வாசகர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது: சுற்று மண்டபத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே 178 சுவரோவியங்களில் ராமகியன், அதாவது தாய்லாந்தின் ராமாயணம், முழுவதும் ஓடுகிறது. வடக்கு வாசலருகே ஜனகர் சீதையைக் கண்டெடுக்கும் காட்சியில் தொடங்கி வலமாகச் சுற்றுங்கள். அனுமன் வெள்ளை நிறம். ராவணனுக்கு 'தோசகண்' என்று பெயர், நம் தசகண்டன்தான். அவர்கள் கதையில் சீதை அவன் மகளாகவே பிறக்கிறாள்! அனுமனும் நம்முடைய பிரம்மச்சாரி அல்லர், காதல் கதைகள் நிறைய உண்டு. தெரிந்த கதையைத் தெரியாத ஊர் தன் போக்கில் சொல்வதைச் சுவர் சுவராகப் பார்ப்பது எனக்கு அரண்மனைத் தங்கத்தைவிடப் பெரிதாகப் பட்டது. அம்மா ஒவ்வோர் ஓவியத்தின் முன்னும் நின்று, "இது வாலி வதம், இது சேது பந்தனம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழிகாட்டிப் பெண் அவருக்குப் பின்னால் நடந்து வந்தாள்.

இன்னொரு தொடர்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரண்மனையிலிருந்து சற்றுத் தூரத்தில், பெரிய ஊஞ்சல் என்ற செந்நிறத் தூண்களுக்கு அருகில், 1784இல் எழுப்பிய தேவஸ்தானம் இருக்கிறது. அங்குள்ள அரசவைப் பிராமணர்கள் மார்கழியை ஒட்டி நடத்தும் சடங்கின் பெயர் 'திரியம்பாவாய் திரிபாவாய்'. திருவெம்பாவையும் திருப்பாவையும்! உச்சரிப்பு காலத்தில் தேய்ந்து உருமாறிவிட்டாலும், கடல் கடந்து போன நம் பாடல்கள் அங்கே இன்றும் சடங்கில் ஒலிக்கின்றன. ஊஞ்சலாடும் பகுதியை மட்டும் 1935இல் நிறுத்திவிட்டார்கள். இது படகுப் பாதையில் இல்லை, வேறொரு நாளில் கட்டாயம் போய் வாருங்கள்.

காலை 11: வாட் போ

அரண்மனையிலிருந்து தெற்கே பத்துப் பதினைந்து நிமிட நடை. கட்டணம் 300 பாட். இங்கே எல்லோரும் பார்க்க வருவது 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட சயன புத்தர். மூன்றாம் ராமர் காலத்தது. முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பாதம் வரை நடங்கள். பாதங்களில் முத்துச்சிப்பி ஓடு பதித்து 108 மங்கலச் சின்னங்கள் இழைத்திருக்கிறார்கள். பின்பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசாகப் போட்டுக்கொண்டே போகலாம். மண்டபம் முழுக்க அந்தக் காசுச் சத்தம் மழை போல விழுந்துகொண்டே இருக்கும்.

சயன புத்தரோடு திரும்பிவிடாதீர்கள். இந்தக் கோயில் ஒரு காலத்தில் பொதுமக்களுக்கான கல்விச்சாலையாக இருந்தது. மருத்துவம், இலக்கியம், வரலாறு என்று அன்றைய அறிவை மூன்றாம் ராமர் கல்லில் வெட்டி வைத்தார். அந்தக் கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் உள்ளன. தோட்டத்தில் கையையும் காலையும் முறுக்கிக்கொண்டு நிற்கும் சிலைகள் 'ருசி', அதாவது ரிஷிகள். உடல் வலி தீர்க்கும் பயிற்சிகளைக் காட்டுகிறார்கள். தாய் மசாஜின் பேர்பெற்ற பள்ளி இங்கே 1955 முதல் நடக்கிறது. நடந்து களைத்த கால்களுக்கு அரை மணி நேரப் பாத மசாஜ் செய்துகொள்ளலாம். பெரிய பிரார்த்தனை மண்டபத்தின் அடிச்சுவரைச் சுற்றி 152 பளிங்குப் புடைப்புச் சிற்பங்களில் மறுபடி ராமகியன் வருகிறது.

மதியச் சாப்பாட்டை எட்டாம் எண் துறையான தா தியனை ஒட்டிய சந்துகளில் முடித்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு ஒரு சொல் போதும்: 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும் கடைகளில் இறைச்சி, மீன், பூண்டு வெங்காயம்கூட இராது. மற்றக் கடைகளில் "காய்கறி மட்டும்" என்று கேட்டாலும் மீன் சாறு விழுந்துவிடும். எதுவும் அமையாவிட்டால் மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் எங்கும் கிடைக்கும்.

மதியம் 1.30: பழைய ஆறு

நாளில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் சுருக்கிவிடும் பகுதியும் இதுதான்.

நீங்கள் காலையில் வந்த அந்த அகன்ற நீர்ப்பரப்பு, வாட் அருணுக்கும் அரண்மனைக்கும் இடையில் ஓடுவது, இயற்கையான ஆறே அல்ல. பழைய சாவோ பிரயா இங்கே மேற்கே வளைந்து, குதிரை லாடம் போல ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வந்தது. 16ஆம் நூற்றாண்டில் அயுத்தயா மன்னர் கப்பல்களின் பயணத்தைக் குறைக்கக் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினார். தண்ணீர் நேர்வழியைப் பிடித்துக்கொண்டது. கால்வாய் அகன்று ஆறாயிற்று, பழைய ஆறு ஒடுங்கிக் கால்வாய்களாயிற்று. தெற்கே பாங்காக் யாய், வடக்கே பாங்காக் நோய் என்ற பெயர்களில் அந்தப் பழைய வளைவு இன்றும் இருக்கிறது.

தா தியன் பக்கத்துத் துறையில் வால் நீண்ட படகு பேசுங்கள். மணிக்கு ஆயிரம் பாட்டை ஒட்டியோ அதற்கு மேலோ கேட்பார்கள். நான்கைந்து பேராகப் போனால் கட்டும். ஏறும் முன்பே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: தொகை தலைக்கா படகுக்கா, எத்தனை மணி நேரம், பாங்காக் யாயில் நுழைந்து பாங்காக் நோயில் வெளியே வருமா, கடைசியில் வாட் அருண் துறையில் இறக்கிவிடுவாரா. உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

விச்சாய் பிரசித் கோட்டையை ஒட்டிப் படகு உள்ளே திரும்பியதும் மதகு வரும். கதவு திறக்கும்வரை நீர்மட்டம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உள்ளே எஞ்சின் சத்தம் தணிந்ததும் வேறு ஊர். தூண் மேல் நிற்கும் மரவீடுகள், தண்ணீருக்கு நேரே படிக்கட்டு, படிக்கட்டில் துவைக்கும் பெண்கள், சின்னச் சாமி மாடங்கள், கரையில் வெயில் காயும் ஆள் நீள உடும்புகள். சற்றுத் தூரத்தில் கூரைகளுக்கு மேலே ஒரு பிரம்மாண்டத் தலை எழும்பும்: வாட் பாக்நாமின் 69 மீட்டர் உயர தியான புத்தர், 2021இல் முடிந்தது. கோயில் துறைகளில் மீன்களுக்குப் பொரி போடச் சொல்வார்கள். கோயிலை ஒட்டிய நீரில் மீன் பிடிப்பதில்லை என்பதால் அவை பயமில்லாமல் படகோடு மோதிக்கொண்டு வரும்.

பாங்காக் நோய் முகத்துக்கு வருமுன் அரச படகு அருங்காட்சியகம் உண்டு. திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 1911இல் நீரில் இறங்கிய 'சுபன்னஹோங்' படகின் பெயர் சுவர்ண அன்னம். 'அனந்த நாகராஜ்' ஏழு தலை நாகம். கருடன் மேல் நாராயணன் அமர்ந்த படகும் இருக்கிறது. துடுப்புப் போடுகிறவர்கள் மட்டுமே ஒரு படகுக்கு ஐம்பது பேர்.

மாலை 4: வாட் அருண்

பெயர் அருணனுடையது, சூரியனின் தேரோட்டி. 1767இல் அயுத்தயா பர்மியரிடம் வீழ்ந்தபின் தக்சின் தன் படையோடு ஆற்றில் வந்து விடியற்காலையில் இங்கே ஒதுங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவருடைய தலைநகர் இந்தக் கரையில்தான் இருந்தது. காலையில் பார்த்த மரகத புத்தரும் லாவோஸின் வியந்தியனிலிருந்து வந்து முதலில் இங்கேதான் இருந்தார், பிறகே ஆற்றைக் கடந்தார்.

நடுக்கோபுரம் இப்போதைய உயரத்தை எட்டியது இரண்டாம், மூன்றாம் ராமர்கள் காலத்தில். தூரத்திலிருந்து கல் போலத் தெரியும். அருகே போனால் அத்தனையும் பீங்கான்: உடைந்த தட்டு, கிண்ணத் துண்டு, கிளிஞ்சல். சீனத்திலிருந்து வந்த கப்பல்கள் ஆடாமல் இருக்க அடிச்சுமையாக ஏற்றி வந்த சரக்கில் இருந்தவை. ஒரு பூவிதழுக்கு ஒரு தட்டின் விளிம்பு, இலைக்கு இன்னொன்றின் அடிப்பாகம் என்று பொறுக்கிப் பதித்திருக்கிறார்கள். அந்த வேலையை விரலளவு தூரத்தில் நின்று பாருங்கள். மேலே மாடங்களில் மூன்று தலை யானை மீது இந்திரன், நுனியில் சூலம். பக்கத்துச் சிறு கோபுரங்களில் குதிரை மேல் வாயு. மண்டப வாசலில் இரண்டு அரக்கர் காவல் நிற்கிறார்கள்: பச்சை நிறத்தவன் தோசகண், வெள்ளை நிறத்தவன் சஹஸ்ரதேஜன்.

கட்டணம் 200 பாட். கோபுரப் படிகள் மிகச் செங்குத்து. ஏறும்போது தெரியாது, இறங்கும்போது முழங்கால் நடுங்கும். அம்மா கீழ்த் தளத்தோடு நின்றுகொண்டார், அங்கிருந்தே எல்லாம் தெரிகிறது. வாடகைக்குத் தாய் பட்டு உடுத்திக்கொண்டு படம் எடுப்பவர்கள் நிறைய வருவார்கள்; கோபுரத்தின் முன்பக்கத்தை அவர்களுக்கு விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றினால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

மாலை 5.30: எதிர்க்கரை

விடியலின் கோயில் என்று பெயர் இருந்தாலும் அந்தியில்தான் அது முழுசாகத் தெரியும், அதுவும் எதிர்க்கரையிலிருந்து. சில நாணயங்கள் கொடுத்து அக்கரைத் தோணியில் ஏறித் தா தியனுக்குத் திரும்பிவிடுங்கள். மாடி உணவகங்களில் ஆற்றோர இருக்கைக்கு முன்பதிவு வேண்டும். வேண்டாம் என்றால் கரையில் எங்காவது உட்கார இடம் கிடைக்கும். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்க, பீங்கான் கறுத்து வெறும் நிழலுருவாகி, பிறகு விளக்குகள் ஏறும்.

ஆரஞ்சுக் கொடிப் படகுகள் மாலைக்குப் பின் அதிக நேரம் ஓடுவதில்லை, கடைசிப் படகு நேரத்தைக் காலையிலேயே துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறினாலும் கவலை வேண்டாம்: வாட் போவை ஒட்டி, நடக்கும் தூரத்தில் சனம் சாய் சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. உள்ளே பழைய அரண்மனை மண்டபம் போலவே தூண்களும் விதானமும் அமைத்திருக்கிறார்கள். நாங்கள் அங்கே இறங்கியபோது அம்மா ஒரு தூணருகே நின்று செருப்பைக் கழற்றப் போனார். நான் கையைப் பிடித்து, "அம்மா, இது ரயில் நிலையம்" என்றேன். "இருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டுத் தூணை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினார்.